ஆற்றுவாழை இலை சொல்லும் சேதி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வத்தளையை அடுத்த ஹெந்தளையில், ஹமில்டன் கால்வாயின் கரையோரம், காலை வேளைகளில் தூண்டில் போடும் முதியவர் ஒருவர் இருக்கிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் அவர் என்னை 'டீச்சர்' என்பார். நான் அவரை 'ஐயா' என்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடி ஒன்றைத் தன் தூண்டிற்கம்பின் நுனியால் இழுத்து, நீர் சொட்டச் சொட்ட என் முன்னே தூக்கிக் காட்டினார். ஊதிய தண்டு பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் இலையின் ஓரம் முழுவதும், அடுப்பருகே வைத்த காகிதம்போலப் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. "பாருங்க டீச்சர், இலையோரம் கருகிப் போச்சு. உப்பு ஏறிட்டுது. இனி மடவை வரும்" என்றார். அன்று நான் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்தக் கால்வாயில் எதைப் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதன் நீரில் கலந்திருக்கும் உப்புத்தான்.

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்கள் விடுமுறை என்றதும் நுவரெலியாவுக்கும் திருகோணமலைக்கும் வாகனம் பேசுகிறோம். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கொழும்புக் கோட்டையிலிருந்து பேருந்தில் ஏறினால் நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் சென்றடையக்கூடிய தொலைவில், முதலையும் நீர்நாயும் வாழும் முத்துராஜவெல என்னும் சதுப்பு நிலமும், அதன் ஓரமாகச் செல்லும் ஒரு நீர்வழியும் இருக்கின்றன என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 2018ஆம் ஆண்டில், ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் முதன்முறையாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் சிறப்பைக் கொண்டாடிய நாம், ஈரநிலங்களை நேரில் சென்று பார்த்தோமா என்று கேட்டால், பலரும் தலையைச் சொறிவோம் என்றே நினைக்கிறேன். நானும் ஹெந்தளைக்குக் குடிவந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் கால்வாய்க் கரையில் நடக்கத் தொடங்கினேன். அதுவும் வைத்தியர் நடக்கச் சொன்னதால்தான்.

இந்தக் கால்வாயைப் பலர் டச்சுக் கால்வாய் என்று அழைக்கிறார்கள். ஆனால் டச்சுக்காரரான ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வேறு. அது இதற்குக் கிழக்கே, சதுப்பு நிலத்தின் ஊடாகச் செல்கிறது. நான் பேசுவது, ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கி 1804ஆம் ஆண்டில் முடித்த, ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமான ஹமில்டன் கால்வாயைப் பற்றி. அக்காலத்தில் அரசிறை அதிகாரியாக இருந்த கெவின் ஹமில்டனின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தெற்கே களனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் தொடங்கி, வலப்புறம் சதுப்பும் இடப்புறம் தென்னந்தோப்புகளும் மீனவர் வீடுகளும் இருக்க, அவற்றுக்கு அப்பால் கடலின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்க, வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை அது செல்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. முத்துராஜவெல என்ற பெயரில் உள்ள 'வெல' என்பது சிங்களத்தில் வயலைக் குறிக்கும். இன்று சம்புப்புல்லும் சேறும் நிறைந்திருக்கும் இந்தச் சதுப்பு, கோட்டை இராச்சிய காலத்தில் நெல் விளைந்த நிலம் என்று சொல்லப்படுகிறது. பின்னர் ஐரோப்பியர், கறுவாவையும் பிற சரக்குகளையும் படகில் கொண்டு செல்வதற்காக வெட்டிய கால்வாய்களின் வழியே கடல்நீர் உள்ளே ஏறியது, வயல்கள் கெட்டன. அந்த உப்புநீரை வடித்து வயல்களை மீட்டெடுக்கலாம் என்ற எண்ணமும் ஹமில்டன் கால்வாயை வெட்டியதற்கு ஒரு காரணம். அந்த எண்ணம் பலிக்கவில்லை. தெற்கு முனையில் ஆற்றுமுகம், வடக்கு முனையில் கடலோடு கலக்கும் களப்பு என்று இரு பக்கமும் கடலுக்கு வாசல் திறந்திருக்கும் ஒரு வாய்க்கால் எப்படி உப்பை வெளியேற்றும்? நெல்லை இழந்த அந்த நிலத்தை நாரையும் நீர்க்காகமும் எடுத்துக்கொண்டன. உழவர்களின் இழப்பின்மேல் நின்றுகொண்டுதான் நாம் பறவை பார்க்கிறோம் என்ற நினைவு எனக்கு அவ்வப்போது வருவதுண்டு.

களப்பும் சதுப்பும் சேர்ந்து 6000 ஹெக்டெயருக்கும் அதிகமான பரப்பு இது. சதுப்பின் வடபகுதி 1996ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பமுனுகமவுக்கு அருகே போப்பிட்டியவில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது; அங்கிருந்து படகில் கால்வாய் வழியாகக் களப்பின் விளிம்புவரை சென்று திரும்பலாம்.

இனி, உப்பைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். மே, ஜூன் மாதங்களிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கொட்டும்போது, சதுப்பு ஊறி வழிந்து, தண்டுகம் ஓயாவும் ஜா எலவும் கொண்டுவரும் வெள்ளத்தால் கால்வாய் தேயிலைச் சாயம்போன்ற நிறத்துக்கு மாறுகிறது. அந்த நிறத்துக்குக் காரணம் அழுக்கு அல்ல. மட்கியும் மட்காமலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்திருக்கும் தாவரக் கரிமண்ணில் ஊறிய நீர் அப்படித்தான் இருக்கும். அந்நாள்களில் ஆற்றுவாழை செழித்து, படகின் பாதையையே மறித்துவிடும். அதன் இலைகளின்மேல் நீளவால் இலைக்கோழி தன் நீண்ட விரல்களை அகல விரித்து, பாரத்தைப் பங்கிட்டு, நீரில் கால் நனையாமல் நடந்து போவதைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். நீலத்தாழைக்கோழி நீலமும் ஊதாவும் கலந்த உடலோடும் சிவந்த அலகோடும் புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டும். ஒரு காலால் புல்தண்டைப் பிடித்து, அதை அலகுக்குக் கொண்டுபோய்க் கடித்துத் தின்னும் அதன் பாங்கு, கரும்பு தின்னும் பிள்ளையை நினைவூட்டும்.

தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. களனி ஆற்றின் ஓட்டம் தளர்ந்ததும் கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே உள்ளே ஏறும். நமது மேற்குக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் கால்வாய் தட்டையாக இருப்பதால் அந்தச் சிறு ஏற்றமே போதுமானது. ஆற்றுவாழையின் இலையோரம் கருகத் தொடங்குகிறது. மடவைகள் கூட்டமாக வந்து நீருக்கு மேலே துள்ளுகின்றன. கண்டல் மரங்களின் அடியில் நீர் வற்றும் வேளையில், ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பெருத்திருக்கும் ஆண் நண்டுகள், யாரையோ கைகாட்டி அழைப்பதைப்போல அதை ஆட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வலசை வரும் உள்ளான்கள் சேற்றோரத்தில் வாலாட்டி நடக்கும் காலமும் இதுவே. அவை ஏப்ரல் வரை தங்கிவிட்டு வடக்கே திரும்புகின்றன. ஆகவே பறவைக்காகப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள காலமே உகந்தது என்பேன். நேரம், காலை ஆறு மணி. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழுந்துவிடும். வெயிலும் நம்மை நிற்கவிடாது.

ஒரு விலங்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உடும்பின் நீர்வாழ் உறவான கபரக்கொய்யாவைக் கண்டதும் நம்மவர் பலர் கல்லைத் தேடுகிறார்கள். அதில் விஷம் இருக்கிறது, அது தீண்டினால் தீராது என்றெல்லாம் சிறுவயதில் நானும் கேட்டு வளர்ந்தவள்தான். உடும்பையும் கபரக்கொய்யாவையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. மூக்குத்துவாரத்தைப் பாருங்கள்: கபரக்கொய்யாவுக்கு அது முகத்தின் நுனியருகே இருக்கும், உடும்புக்குக் கண்ணுக்கும் நுனிக்கும் இடையில் பிளவுபோல இருக்கும். கால்வாயில் ஒரு கபரக்கொய்யா நீந்திக் கடக்கும்போது அசையாமல் நின்று பாருங்கள். நான்கு கால்களையும் உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, வாலை மட்டும் பக்கவாட்டில் வளைத்து வளைத்து அது முன்னேறும். கரையை அடைந்ததும் பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதிக்கும், பிறகுதான் ஏறும். செத்த மீனையும் அழுகிய கழிவையும் தின்று அது கரையைச் சுத்தமாக வைத்திருக்கிறது. நாம் கொட்டும் குப்பையையும் சேர்த்துத்தான் தின்கிறது என்பது நமக்குப் பெருமை அல்ல.

முதலையைப் பற்றி அச்சப்பட வேண்டுமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். சதுப்பில் உவர்நீர் முதலைகள் இருப்பது உண்மை. படகில் இருந்தபடி கையை நீரில் அளைவதும், மாலை மங்கிய பின் நீர் விளிம்பில் குந்தியிருப்பதும் வேண்டாம். பிள்ளைகளைக் கால் நனைக்க விட வேண்டாம். மற்றபடி, பகலில் கரைப் பாதையில் நடப்பதற்கும், சைக்கிள் ஓட்டுவதற்கும், படகில் மிதவை அங்கி அணிந்து செல்வதற்கும் அச்சம் தேவையில்லை. குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை அவை உங்கள் கைப்பையையே கேட்கும்.

நான் ஒருமுறை உறவினர்களோடு படகில் போனேன். படகோட்டிய இளைஞர், இரண்டு மணித்தியாலப் பயணத்தை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். செந்நாரை ஒன்று புல்லுக்குள் கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. 'பார்த்தீங்களா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள், இயந்திரத்தின் சத்தத்தில் அது எழுந்து போய்விட்டது. படகு எழுப்பிய அலை கரையை அறைந்து, ஒரு பிடி மண்ணையும் கரைத்துக்கொண்டு போனது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியில் பாட்டும் போட்டிருந்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் படகோட்டியுடையது மட்டும் அல்ல. அதற்குப் பிறகு நான் படகில் ஏறுமுன்பே, நடுவழியில் கால்மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பேசிக்கொள்கிறேன். அந்தக் கால்மணி நேரத்தில், மீன்கொத்தி நீரில் விழும் சத்தம்கூடக் கேட்கும்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுந்த தூண்டில் நூலான தங்கூசியைக் கரையில் எறியாதீர்கள். கால்களில் தங்கூசி சுற்றிய கொக்கு ஒன்றை நான் கண்டிருக்கிறேன். அதைப் பிடித்து அவிழ்க்க எங்களால் முடியவில்லை.

இந்த இடம் எந்தக் குறையும் இல்லாத சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கெரவலப்பிட்டியவில் சதுப்பின் ஒரு பகுதி கடல் மணலால் நிரப்பப்பட்டது. 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை சதுப்பை ஊடறுத்துச் செல்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில், கண்ணாடிக்கு வெளியே கொக்குகள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பலருக்கு முத்துராஜவெலவோடு உள்ள பரிச்சயம் அந்த அளவில்தான் இருக்கிறது. அழகுக்காகக் கொண்டுவந்தார்களோ, கரையைக் காக்கக் கொண்டுவந்தார்களோ, 'வெல் ஆத்தா' எனச் சிங்களத்தில் சொல்லப்படும், அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த வெளிநாட்டு மரம் பல இடங்களில் கண்டலை நெருக்கிக்கொண்டு வளர்கிறது. கால்வாய்க்கும் கடலுக்கும் இடையிலுள்ள சரக்குவக் கடற்கரையில், 2021ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது கரையொதுங்கிய பிளாஸ்திக் மணிகள், பயறளவு வெள்ளை உருண்டைகளாக மணலை மூடிக் கிடந்தன. பின்னர் என் பேத்தி அங்கே மாவரிக்கும் அரிதட்டைக் கொண்டுபோய் மணலை அரித்தாள். அரை மணி நேரத்தில் ஒரு தேநீர்க் கோப்பை நிறைந்தது.

போக விரும்புகிறவர்கள் முதல் தடவையே படகில் ஏற வேண்டியதில்லை. ஹெந்தளையிலிருந்து பமுனுகமவரை கால்வாயை ஒட்டிச் செல்லும் வீதியில், சைக்கிளிலோ கால்நடையாகவோ கொஞ்சத் தூரம் போய்ப் பாருங்கள். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் போதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. வழியில் மாதா சுருபங்கள் வைத்த சிறு கூடுகளும், வலை காயவிட்ட முற்றங்களும், கட்டிக் கிடக்கும் வள்ளங்களும் வரும். அவை மக்கள் குடியிருக்கும் இடங்கள் என்பதை மறவாமல், படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே இடத்துக்கு மழைக்காலத்தில் ஒருமுறையும் மாசியில் ஒருமுறையும் போனால்தான், நான் முன்னர் சொன்ன உப்பின் வேலை கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, நான் இன்னும் காணாத ஒன்றைப் பற்றி. சிங்களத்தில் 'ஹந்துன் திவியா' என்று சொல்லும் மீன்பிடிப் பூனை இந்தச் சதுப்பில் இருக்கிறது. கொழும்பு நகரத்தின் ஈரநிலங்களிலும் அது இரவில் நடமாடுகிறது. வீட்டுப் பூனையைவிடப் பெரியது. விரல்களுக்கிடையே சிறிது சவ்வும் உண்டு. சென்ற மாசியில் ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில், தூண்டிற்கார ஐயா என்னைக் கைகாட்டி அழைத்து, சேற்றில் பதிந்திருந்த காலடிகளைக் காட்டினார். நாயின் அடியைவிட உருண்டையாக இருந்தது. ஆனால் பூனையின் அடியில் காணாத நகக்குறி, ஊசி குத்தியதுபோல முன்னால் தெரிந்தது. இந்தப் பூனையால் நகங்களை முழுவதுமாக உள்ளிழுக்க முடியாது என்று படித்திருந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. தடம் நீர் விளிம்புவரை போய், அங்கே நின்றிருந்தது. ஏற்றம் தொடங்கியிருந்ததால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வோர் அடியாக நீர் நிரம்பி மறைந்தது. ஐயா ஒன்றும் பேசாமல், மிதந்து வந்த ஆற்றுவாழை ஒன்றைக் கம்பால் இழுத்து, இலையைத் திருப்பிப் பார்த்தார்.

வணக்கம்.