பந்தியும் பந்தும்

(காரைக்குடியில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனைக்கு நடந்த பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாநகராட்சிப் பெருமக்களே, வெயிலையும் பாராமல் தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆச்சிமார்களே, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் பின்னால் நிற்கிற விளையாட்டுப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் பொன்னாடையோடு நின்று பேசுவதற்கே தனியாக ஒரு கோப்பை வைக்கலாம். முதல்வர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தப்பு. போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் விடுப்புக் கடிதம் அவர் மேசையில் ஒரு நாள் தூங்கி நான் பார்த்ததில்லை. மாநகராட்சிப் பெருமக்களுக்கும் என் நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் அவர்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்ட பிறகு நன்றி சொன்னால் அது வேறு மாதிரித் தெரியும்.

மூன்று விஷயம் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை பந்து கொடுக்கிற விதம் ஒன்று. மூன்று வருடத்தில் அவள் வளர்ந்த விதம் இரண்டாவது. விளையாட்டும் தேர்வும் மூன்றாவது. பிள்ளையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மேடையில் பெயர் சொல்லிப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று அவள் அப்பத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அப்பத்தா பேச்சை மீற எனக்குத் துணிச்சல் கிடையாது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

நான் எந்த மேடை ஏறினாலும் ஒரு பழமொழி சொல்வேன், உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ‘பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன?’ பந்தி விசாரணையைப் பற்றிச் செட்டிநாட்டில் நின்று நான் பாடம் நடத்தக் கூடாது. நல்ல பரிமாறுகிறவர் இலையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். சோற்றில் ஒருவர் குழி பறிக்கும்போதே ரச வாளி அங்கே வந்து நிற்கும். கூடைப்பந்தில் பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற பாயிண்ட் கார்டு என்கிற இடம் அதுதான். மூலையில் நிற்கிற பிள்ளைக்கும் பந்து வரும், கேட்காமலே வரும், கை சூடாக இருக்கிற நேரத்தில் வரும்.

பந்தைக் கொடுப்பது என்னமோ கூடை போடத் தெரியாதவர்கள் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்கார உடற்கல்வி ஆசிரியர் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். பழக்கூடை இரண்டை மாட்டி, 13 விதி எழுதி ஒட்டினார். பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே இன்னொருவருக்கு எறிய வேண்டும் என்பது அதில் ஒன்று. தட்டிக்கொண்டே ஓடுகிறோமே ட்ரிபிள், அது பிறகு வந்தது. முதலில் இருந்தது பாஸ்தான். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத பிள்ளைகளுக்காக, உள்ளே ஆடுவதற்கென்றே அவர் இதை உண்டாக்கினார்.

சரி, நம் பிள்ளைக்கு வருவோம். முதல் வருடம் அவள் ஆட்டத்தை நான் பார்த்தபோது கை நல்ல கை, கண்தான் காட்டிக்கொடுத்தது. யாருக்குக் கொடுக்கப் போகிறாளோ அவளையே பார்ப்பாள். எதிரணிப் பெண்ணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நடுவில் கையை நீட்டிப் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுவாள். இப்போது அவள் ரிங்கைப் பார்ப்பாள், தோளை அந்தப் பக்கம் திருப்புவாள், பந்து மட்டும் இந்தப் பக்கம் போகும். அன்றைக்குத் தோழி நிற்கிற இடத்துக்குக் கொடுத்தாள், இன்றைக்குத் தோழி போய்ச் சேரப் போகிற இடத்துக்குக் கொடுக்கிறாள். பவுன்ஸ் பாஸ் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தரையைத் தொட்டு, வாங்குகிறவள் இடுப்புக்குச் சரியாக எழும்புகிறது. இடது கையாலும் கொடுக்கிறாள். இரண்டாம் வருடம் முழுக்க இடது கைக்கென்றே சுவரில் எறிந்து பழகினாள் என்று அவள் கோச் சொன்னார்.

இப்போது அந்தக் கதை. சிரிக்காமல் கேட்க வேண்டும்.

போன வருடம் ஓர் இறுதிப் போட்டி. சாமியானா, மைக் செட், கோலி சோடா எல்லாம் உண்டு. சிறப்பு விருந்தினராக ஒரு பெரியவர் வந்திருந்தார். பர்மா காலத்துக் குடும்பம், வெள்ளை வேட்டி, கைநிறைய மோதிரம், கொடுக்கிற மனசு. கூடைப்பந்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. கால்பந்து பார்த்திருக்கிறார். ஒரு ஆட்டத்தில் இரண்டு கோல் விழும், மிஞ்சிப்போனால் மூன்று என்பது அவர் கணக்கு. மைக்கை வாங்கி, ‘எந்தப் பிள்ளை கோல் போட்டாலும் கோலுக்கு 500 ரூபாய் நான் தருவேன்’ என்று அறிவித்துவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் ஒன்பது கூடை. அவர் விரலை மடக்கி எண்ணினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் என் பக்கம் குனிந்து, ‘தம்பி, இந்த ஆட்டத்தில் கோல் எப்போது முடியும்?’ என்று கேட்டார். ‘இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது ஐயா’ என்றேன். ஒரு கோலி சோடா வரவழைத்துக் குடித்தார்.

இரண்டாவது கால்பகுதியில் அவருக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. ஐநூறு ரூபாய் ஆசை பிள்ளைகள் தலைக்கு ஏறிவிட்டது. நம் அணியில் பந்து கிடைத்தவள் எல்லாம் எறிகிறாள். நடு மைதானத்திலிருந்து எறிகிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு எறிகிறாள். ஒன்றும் விழவில்லை. பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது, ‘நல்ல ஆட்டம், நல்ல ஆட்டம்’ என்கிறார். நம் பிள்ளை ஒருத்திதான் பழையபடி பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்த பந்து திரும்பி வரவே இல்லை. இடைவேளையில் நாம் பின்னால்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். மைக்கே வேண்டாம், மைதானம் முழுக்கக் கேட்டது. நம் அப்பத்தாதான்! ‘ஏண்டி, ஐநூறு ஐநூறுன்னு ஆளாளுக்குப் பறக்கிறீகளே, அந்த ஐநூறை நான் தாரேன்டி! என் பேத்தி கொடுக்கிறதை வாங்கிப் போடுங்கடி!’ கூட்டம் எழுந்து கை தட்டியது. பெரியவர் மட்டும் அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. (சிரிப்பு)

அதற்குப் பிறகு பந்து சுற்ற ஆரம்பித்தது. இவள் கொடுக்க, அவர்கள் போட, மறுபடி கொடுக்க, மறுபடி போட. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். பெரியவர் சொன்ன சொல் தவறவில்லை. பர்ஸ் காலி, மேனேஜர் பையும் காலி. கடைசியில் நம் பிள்ளையைக் கூப்பிட்டு, ‘நீ எத்தனை ஆத்தா போட்டே?’ என்றார். ‘ஒண்ணுதான் ஐயா’ என்றாள். ஐநூறைக் கொடுத்துவிட்டு யோசித்தார். ‘போட்டவளுக்குக் கொடுத்தாச்சு. கொடுத்தவளுக்கு யார் கொடுக்கிறது?’ என்று சொல்லி, கார் டிரைவரிடம் 200 ரூபாய் கைமாற்று வாங்கி அவள் கையில் வைத்தார். அந்த 200 ரூபாயும் அவளிடம் தங்கவில்லை. வாசலில் பணியாரம் சுட்ட அம்மாவிடம் போய், அங்கிருந்து வெள்ளைப் பணியாரமாக அணி முழுக்கச் சுற்றிவிட்டது. (கைதட்டல்)

பெரியவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. தோழி கூடை போடுவதற்கு வழி செய்த பாஸுக்கு அசிஸ்ட் என்று பெயர். இவள் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை அசிஸ்ட் கொடுக்கிறாள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நம் கல்லூரிப் போட்டிகளில் மேசை மேல் இருக்கிற ஸ்கோர்ஷீட்டில் போட்டவள் எண் இருக்கும், ஃபவுல் இருக்கும், டைம் அவுட் இருக்கும். கொடுத்தவளுக்கு அதில் கட்டம் கிடையாது. தேர்வாளர் அந்தத் தாளைப் பார்த்து அணி எடுத்தால் இவள் எங்கே தெரிவாள்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு ஜூனியர் பிள்ளையை உட்கார வைத்து, அசிஸ்டைக் குறிக்கச் சொல்லுங்கள் முதல்வர் ஐயா.

புகழ்ந்து மட்டும் விட்டால் அவளுக்கு நான் நல்லது செய்தவனாக மாட்டேன். அவள் கூடை போடத் தயங்குகிறாள். இவள் எறிய மாட்டாள் என்று தெரிந்துவிட்டால் டிஃபென்ஸ் இரண்டடி பின்வாங்கி நிற்கும், பாஸ் போகிற வழியெல்லாம் அடைபடும். அமெரிக்காவில் கெய்ட்லின் கிளார்க் என்று ஒரு பெண், மக்காச்சோளக் காடு நிறைந்த அயோவா மாநிலத்தில் கல்லூரி ஆட்டம் ஆடி வந்தவர். 2024-இல், தொழில்முறைப் பெண்கள் லீகில் சேர்ந்த முதல் வருடத்திலேயே, ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்தார். எப்படி முடிந்தது? அவர் எவ்வளவு தூரத்திலிருந்தும் எறிவார் என்ற பயத்தில் எதிரணி அவர் மேல் பாய்கிறது, பின்னால் தோழிகளுக்கு வழி திறக்கிறது. ஆகவே ஆத்தா, நீ கூடை போடு. கொடுப்பதற்காகவாவது போடு. அப்புறம், என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் குதிக்காதே. காற்றில் யோசிக்க நேரம் கிடையாது.

எறிந்து பழகத் தனியாகவே போதும். விடியற்காலையில் ஒரு பந்து, ஒரு ரிங் இருந்தால் முடிந்தது. கொடுத்துப் பழக அப்படி முடியாது. வாங்குவதற்கு நாலு பேர் வேண்டும், மறிப்பதற்கு ஐந்து பேர் வேண்டும். சுவர் பந்தைத் திருப்பித் தரும், தோழியைப் போல இடம் மாறி ஓடாது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் எப்போது கூட முடியும்? கல்லூரி விட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஆறரைக்கு இருட்டிவிடும். விளக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் சிமெண்ட் தரையில் தேங்கிப் பாசி பிடிக்கும், கால் வைத்தால் வழுக்கும். சித்திரை, வைகாசியில் அதே தரை மாலை வரை அனல் கக்கும். வருடம் முழுக்க அந்தச் சிமெண்டில் குதித்தால் இருபது வயதில் முட்டி வலி. குளிருக்கு ஒதுங்கி உள்ளே ஆடவே உண்டான ஆட்டத்தை நாம் மழையிலும் வெயிலிலும் ஆடச் சொல்கிறோம்.

இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை நம் தமிழ்நாட்டுப் பெண், சென்னைப் பெண். சென்னையில் கூரை போட்ட அரங்கம் இருக்கிறது. காரைக்குடியில் ஏன் கூடாது? உடற்கல்விக் கல்லூரியே வைத்திருக்கிற ஊர் இது. 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948-இல் நேருவை அழைத்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட வைத்த ஊர் இது. நான் 300 ஏக்கர் கேட்கவில்லை. கோர்ட் 28 மீட்டருக்கு 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால்கூட 15 சென்ட்தான் வருகிறது. கார் நிறுத்துவதற்கே அதைவிட அதிகம் ஒதுக்குகிற கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன.

மேலே கூரை, உள்ளே விளக்கு, காலுக்கு இதமான தரை. எந்தக் கல்லூரிப் பிள்ளையும், எந்த அரசுப் பள்ளிப் பிள்ளையும் வந்து ஆட வேண்டும். சாவி ஒருவர் இடுப்பில் தொங்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு ஆட்டம் முடிந்து புதுவயல், கண்டனூர் பக்கம் போகிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் வேண்டும். பஸ் இல்லையென்றால் அப்பத்தாக்கள் அனுப்ப மாட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். விளையாட்டுப் பணம் பங்கிடும்போது சென்னை, கோவைக்குப் பிறகுதான் நம் முறை, நாம் கடைப்பந்தி. பரிமாறுகிறவர் நம்மவராக இருந்தால் அதில் ஒன்றும் குறைவில்லை என்று பழமொழி சொல்கிறது. அந்த நம்மவர்கள் இன்று மேடையில் எனக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விளையாட்டும் தேர்வும் பற்றிப் பேச நேரம் இல்லை, பிள்ளைகளுக்கும் அதில் வருத்தம் இருக்காது. மனு எழுதித் தயாராக இருக்கிறது. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறோம். பெயர், ஊர், கையெழுத்து போதும். வரும் திங்கட்கிழமை சிவகங்கையில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். அப்பத்தா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் மைக் எடுத்துப் போகவில்லை.