என்கிட்டயே சொல்லியிருக்கலாம்

(ஆண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சில் இருந்த இழுவைகளை மட்டும் எழுதும்போது வெட்டியிருக்கிறேன்.)

ஆயர் அய்யா அவர்களுக்கும், சேகரத்தின் பெரியவர்களுக்கும், சங்கத்துத் தம்பிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, அவ்வளவுதான். 'விசுவாசமுள்ள தகப்பன்' என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே என் பெயரையும் போட்டு நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் என் வீட்டம்மா சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. பாய் விரித்து உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்புறம் அப்பா ஜெபம். நான் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அந்த ஜெபத்தில் ஒரு கட்டம் வரும். தேசத்துக்காக, சபைக்காக, வியாதியஸ்தருக்காக எல்லாம் வேண்டிவிட்டு என் அப்பா குரலைக் கொஞ்சம் மாற்றுவார். எனக்கு வயிறு கலங்கும். "ஆண்டவரே, காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 38 மார்க் எடுத்துவிட்டு, சாயங்காலமெல்லாம் பந்து விளையாடப் போகிற இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைத் தாரும்." அந்த 38 ஆண்டவருக்கு முன்னாலேயே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்கு மட்டும்தான் தெரியாது. அன்றைக்கு அவர்களுக்கும் தெரிந்துபோனது.

சிரிக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி பாருங்கள். நேரில் திட்டினால் பிள்ளை ஏதாவது பதில் பேசும். ஜெபத்தில் திட்டினால் பதில் பேச முடியாது. ஆமென்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஜெபத்தை நான் அவ்வளவு வெறுத்தேன். அப்புறம் நானும் அப்பாவானேன், அதையே செய்தேன். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள், "நள்ளிரவு வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்களை நீர் தெளிவாக்கும் ஆண்டவரே" என்று நல்ல உருக்கமாக வேண்டினேன். எங்கள் வீட்டில் எல்லாரும் முறைவைத்து ஜெபிப்பது வழக்கம். அடுத்த முறை அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவரே, அப்பா உம்மகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. என்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஆமென்."

மகன் வாயைப் பொத்திக்கொண்டான். வீட்டம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. வழக்கப்படி நான்தான் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பித்துக் கொடுக்க வேண்டும். ஆரம்பித்தேன். ஆனால் அந்தப் 'பிதாவே'யைத் தாண்டிப் போவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, பல மொழிக்காரர்களுக்குக் கிடைக்காதது. புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் 'அப்பா பிதாவே' என்று வருகிறது: மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. இதில் 'அப்பா' என்பது இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, புரியாதவர்களுக்காகப் பக்கத்தில் 'பிதாவே' என்று சேர்த்துக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பொழிப்புரை வேண்டியதில்லை. அது வேற்று மொழிச் சொல் என்று எனக்குத் தெரிந்தபோது வயது நாற்பது. இயேசு தமிழ் பேசவில்லையா என்று கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது! மழலை பேசும் குழந்தையின் சொல் அது என்று சிலர் பிரசங்கம் பண்ணுவார்கள். அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம், வளர்ந்த பிள்ளைகளும் தகப்பனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாற்கு சொல்கிற இடம் கெத்செமனே தோட்டம், இயேசு பிடிபட்ட ராத்திரி. வியாகுலத்தின் உச்சத்தில், இந்தப் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்கிற இடத்தில், வாயில் வந்த சொல் அது. நம் பிள்ளையும் ஒருநாள் ஏதாவது இக்கட்டில் அதே சொல்லால் கடவுளைக் கூப்பிடும். அந்தச் சொல்லுக்குள் எந்த முகம் வந்து நிற்கும்? நம் முகத்தைத் தவிர வேறு முகம் அதற்குத் தெரியாதே.

முகம் என்றதும் தாவீது ராஜா ஞாபகம் வருகிறார். அவர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஞாயிறு பள்ளியில் கோலியாத்தைச் சொல்லிக் கொடுப்பார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

2 சாமுவேல் 13. தாவீதின் மகன் அம்னோன், மாற்றுத் தாய்க்குப் பிறந்த தங்கை தாமாரைப் பலவந்தம் பண்ணிவிடுகிறான். தகப்பனுக்குச் செய்தி போகிறது. 'மிகவும் கோபமாயிருந்தான்' என்று இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மகனைக் கூப்பிட்டு விசாரித்ததாக இல்லை. மகளிடம் போய், "அம்மா, அப்பா இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னதாகவும் இல்லை. அந்தப் பெண் அண்ணன் அப்சலோம் வீட்டில் ஒடுங்கிக் கிடக்கிறாள். இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் ஆள் வைத்து அம்னோனைக் கொல்கிறான். கொன்றுவிட்டு அம்மா வழித் தாத்தா ஊரான கேசூருக்கு ஓடி, மூன்று வருஷம் அங்கே இருக்கிறான். அப்புறம் சேனாதிபதி யோவாப் ஏதேதோ தந்திரம் பண்ணி அவனை எருசலேமுக்கு அழைத்து வருகிறார். அப்போது ராஜா சொல்வது: "என் முகத்தை அவன் பார்க்கவேண்டியதில்லை." ஒரே ஊருக்குள் அப்பாவும் மகனும் முகம் பார்க்காமல் இரண்டு வருஷம்!

நம் ஊரில் இதற்கு எருசலேம் தேவையில்லை. ஒரே வீடு போதும். அப்பா ஹாலில் இருந்தால் பையன் அறையில் இருப்பான். "உன் மகன் சாப்பிட்டானான்னு கேளு" என்று அம்மா வழியாகத் தூது போகும்.

தாவீதுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ராஜாவின் மனம் அப்சலோம் மேல்தான் இருக்கிறது என்று யோவாபுக்குத் தெரிந்திருந்தது, அப்படியே எழுதியிருக்கிறது. சேனாதிபதிக்குத் தெரிந்தது, மகனுக்குத் தெரியவில்லை. நாமும் டீக்கடையில் "பையன் நல்லா வரைவான் சார்" என்று பெருமையாகச் சொல்வோம். அந்தப் படத்தை அவனிடம் ஒருநாளும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க மாட்டோம்.

முகம் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? அப்சலோம் யோவாபுடைய வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்தான். ராஜாவிடம் தூது போகச் சொல்ல யோவாபுக்கு ஆள் அனுப்பி அனுப்பிப் பார்த்தான், அவர் வரவில்லை. வயல் எரிந்ததும் உடனே வந்தார். ஆசிரியனாக இருந்து நான் பார்த்தது: வகுப்பில் ஜன்னலை உடைக்கிற பையன்களில் பாதிப் பேர் யாராவது வரட்டும் என்றுதான் உடைக்கிறார்கள்.

கடைசியில் தாவீது அவனை வரவழைத்து முத்தமிடுகிறார். பேசினதாக இல்லை. கேசூரிலிருந்து திரும்பி வந்த மகனிடம் தாவீது நேருக்கு நேர் சொன்னதாக வேதத்தில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். எப்ரோனுக்குப் போகிறேன் என்று அவன் உத்தரவு கேட்டபோது, "சமாதானத்தோடே போ." அவன் போனது கலகம் பண்ணுவதற்கு. அந்த யுத்தத்தில் செத்துப்போகிறான். செய்தி கேட்டதும் ராஜா ஒலிமுகவாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போய் அழுகிறார். என் மகனே, என் மகனே, அப்சலோமே என்று. மூல மொழியில் அந்த ஒரே வசனத்துக்குள் 'என் மகனே' ஐந்து முறை. கேட்க வேண்டியவன் காட்டில் ஒரு குழியில், கற்குவியலுக்கு அடியில் கிடக்கிறான்.

சங்கீதப் புத்தகத்தை எடுத்தால் 73 சங்கீதங்களின் தலைப்பில் தாவீதின் பெயர். உலகத்திலேயே நன்றாக ஜெபம்பண்ணத் தெரிந்த தகப்பன் அவராகத்தான் இருக்க வேண்டும். கடவுளிடம் 73 சங்கீதம், திரும்பி வந்த மகனிடம் ஒரு வாக்கியம். என் மகள் சொன்ன அந்த 'என்கிட்டயே சொல்லியிருக்கலாம்' அப்சலோமும் சொல்லியிருக்கக் கூடியதுதான்.

அப்படியானால் நிறையப் பேசுகிற அப்பாதான் நல்ல அப்பாவா என்று கேட்கலாம். அதுவும் இல்லை. இயேசுவை வளர்த்த யோசேப்பைப் பாருங்கள். நாலு சுவிசேஷத்திலும் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. கத்தோலிக்கர்கள் அவரை விசேஷமாக நினைக்கிறார்கள். போப் பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஒரு வருஷத்தை யோசேப்பின் ஆண்டாகவே அறிவித்தார். நாம் அவரைக் கிறிஸ்துமஸ் நாடகத்தோடு முடித்துவிடுகிறோம். அதிலும் வசனம் மனப்பாடம் வராத பையனாகப் பார்த்து, கையில் கம்பைக் கொடுத்து ஓரமாக நிறுத்துகிறோம். ஆனால் அந்த மனிதர் செய்ததைப் பாருங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் கூட்டத்தில் காணோம் என்றதும் வந்த வழியே திரும்பி நடந்து, மூன்று நாளைக்குப் பிறகு ஆலயத்தில் கண்டுபிடித்தார். 'உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே' என்று மரியாள்தான் பேசுகிறாள். இவர் அங்கேயும் சும்மாதான் நிற்கிறார். ஆனால் தேடி வந்து நிற்கிறார். ஊரார் இயேசுவை மத்தேயுவில் 'தச்சனுடைய குமாரன்' என்கிறார்கள், மாற்குவில் 'தச்சன்' என்றே சொல்கிறார்கள். ஒரு தொழில் கைமாற எத்தனை வருஷம் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சிமாரைக் கேளுங்கள்.

'பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்' என்று யாரோ பின்னால் முணுமுணுக்கிறது கேட்கிறது. நீதிமொழிகளில் பிரம்பு என்று வருகிற எபிரெயச் சொல்லும், 23ஆம் சங்கீதத்தில் 'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்பதில் கோல் என்று வருகிற சொல்லும் ஒன்றேதான். மேய்ப்பன் கையில் இருக்கிற கம்பு. எந்த ஆடும் அதைப் பார்த்து மேய்ப்பனை விட்டு ஓடினதாகச் சங்கீதத்தில் இல்லை. பவுல் இன்னும் நேராகவே சொல்கிறார்: 'பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்.' அன்றைய ரோமச் சட்டத்தில் பிள்ளையின் உயிர்மேல்கூடத் தகப்பனுக்கு அதிகாரம் இருந்தது. அந்த ராஜ்யத்தில், பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கிற சபையில் இதை வாசித்திருக்கிறார்கள். திடனற்றுப்போவது என்றால் என்ன என்று பரீட்சை பேப்பரைக் கொடுக்கிற நாளில் கடைசி பெஞ்சைப் பார்த்தால் தெரியும்.

இடையில் ஒன்று. நம் சபையில் அசனம், அதுதான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, நடக்கிறது. அரிசி களைவது, கறி வெட்டுவது, அண்டாவைக் கிளறுவது எல்லாம் ஆண்கள்தான். அந்த ஒருநாள் புகையில் நிற்கிற சந்தோஷம் வீட்டு அடுப்படிக்கு மட்டும் ஏன் வருவதில்லை? பிள்ளை ஏதாவது பேச வேண்டும் என்றால் அங்கேதானே வந்து நிற்கிறது, அம்மாவின் பக்கத்தில். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றால் உங்களிடமும் பேசும். உபாகமம் ஆறாம் அதிகாரமே 'வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்' என்றுதான் சொல்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கிற நம் தம்பிமார் வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வருகிறார்கள், அவர்களுக்கு அடுப்படியும் இல்லை. வீடியோ காலில் குடும்ப ஜெபத்துக்கு உட்காருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், வசனத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு பிள்ளையைப் பேச விடுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தான், என்ன சாப்பிட்டான், அதுதான்.

மகள் விஷயத்தை முடிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே நான் போய் ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் ஆனது. தாவீதைக் குறை சொல்ல எனக்கு அவ்வளவாக உரிமை கிடையாது. டியூஷனிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வரும்போது, முகத்தைப் பார்க்க வேண்டாம் என்கிற தைரியத்தில் சொன்னேன்: "அன்னைக்கு ஜெபத்துல அப்படிச் சொன்னது தப்பும்மா." பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரிப்பா. பதினொரு மணிக்குப் போனை வச்சிருதேன்." பத்து என்று கேட்டேன். பத்தரைக்கு முடிந்தது. ஒரு வாரம் ஒழுங்காக வைத்தாள். அதற்குப் பிறகு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனாலும் ஜெபத்தில் நான் அதைச் சொல்லவில்லை, அவளிடமே சொன்னேன்.

பேசி முடித்த பிறகு ஒரு அண்ணன் எழுந்து கேட்டார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். "நாம போய்ப் பேசலாம் சார். அவன் பேச மாட்டேங்கானே, என்ன செய்ய?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. லூக்கா 15ஐத் திறந்து வைத்துக்கொண்டேன். சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்புகிற இளைய மகன் தூரத்தில் வரும்போதே அந்தத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், அது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அன்றைக்கே அவர் இரண்டாவது தடவையும் வெளியே வருகிறார். மூத்தவன் கோபப்பட்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான். 'தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்.' மூத்தவன் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான். தகப்பன் அவ்வளவையும் கேட்டுவிட்டு, 'மகனே' என்று ஆரம்பித்து ஏதோ சொல்கிறார். அப்புறம் அவன் உள்ளே வந்தானா? லூக்கா எழுதவில்லை. உள்ளே ஆடல் பாடல் கேட்கிறது, கொழுத்த கன்றின் கறி ஆறிக்கொண்டிருக்கிறது, விருந்து கொடுத்த வீட்டுக்காரர் மகன் பக்கத்தில் வாசலுக்கு வெளியே நிற்கிறார். அதோடு அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது.