அம்பை விடுங்கள், எய்தவர்களைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் கூடைப்பந்துப் பிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி அதலபாதாளத்துக்குப் போனதே, அதற்கு ரசிகர்களின் கோபம் யார் மீது பாய வேண்டும்? பயிற்சியாளர் மீதா, பல்கலைக்கழகத் தலைமை மீதா? இதுதான் இன்றைய வழக்கு. தலைமை மீதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். கென்னி பெய்ன் பயிற்சியாளராக இருந்த இரண்டு பருவங்களில் 12 வெற்றி, 52 தோல்வி. அவர் போன பிறகு வந்த பாட் கெல்சிக்கு முதல் பருவத்திலேயே 27 வெற்றி, 8 தோல்வி. "ஊர் அதே, அரங்கம் அதே, சட்டையின் சிவப்பும் அதே. மாறியவர் ஒருவர்தான். அப்படியானால் குற்றவாளி யார்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். கைதட்டல் பலமாகவே கிடைத்தது. அந்த எண்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவருடைய கணக்கு 2022-இல் தொடங்குகிறது. வழக்கு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது நடுவர் அவர்களே.

இந்த ரசிகர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். லூயிவில் இருக்கும் கென்டக்கி மாநிலத்தில் என்பிஏ என்ற தொழில்முறை லீக்கின் அணி எதுவும் கிடையாது. அங்கே கல்லூரி அணிதான் ஊரின் அணி. தாத்தா வைத்திருந்த சீசன் டிக்கெட்டைப் பேரன் புதுப்பிக்கிற ஊர் அது. டென்னி கிரம் 1971 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் அந்த அணியோடு இருந்து 675 ஆட்டங்களை வென்று கொடுத்தார். 1980-இலும் 1986-இலும் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். இப்படி வளர்ந்த ஒரு ரசிகர் கோபப்பட்டால், அந்தக் கோபத்தைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அது எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில்தான் நமக்குள் வழக்கு.

2013 மார்ச் 31. டியூக் அணிக்கு எதிரான ஆட்டம். எதிராளியின் எறிதலைத் தடுக்கத் தாவிய லூயிவில் வீரர் கெவின் வேர் தரையில் இறங்கியபோது வலது கால் முறிந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சக வீரர்கள் அப்படியே தரையில் சரிந்து அழுதார்கள். கிடந்த இடத்திலிருந்தே அவர்களைப் பார்த்து, போய் ஆட்டத்தை வெல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அவர். வென்றார்கள். ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் மிச்சிகனை 82-76 என்ற கணக்கில் சாய்த்துப் பட்டமும் வாங்கினார்கள். பட்டம் வென்ற அணி கூடையின் வலையை அறுத்து எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஊன்றுகோலோடு நின்ற வேருக்கு ஏணியில் ஏற முடியாது. அதனால் கூடையையே கீழே இறக்கினார்கள். கடைசி இழையை அவர் கையால் வெட்டினார்.

அந்தப் பட்டம் இன்று பதிவேட்டில் இல்லை. 2018 பிப்ரவரியில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அதை ரத்து செய்தது உறுதியானது. ஆண்கள் கூடைப்பந்தில் ஒரு தேசியப் பட்டம் ரத்தானது அதுவே முதல் முறை. அணியின் அரங்கமான கேஎஃப்சி யம் சென்டரின் கூரையில் தொங்கிய பேனரை இறக்கிவிட்டார்கள். ஏன்? கூடைப்பந்து அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர், அணியில் சேரலாமா என்று பார்க்க வந்த மாணவர்களுக்காக, வீரர்கள் தங்கும் விடுதிக்குப் பணம் கொடுத்துப் பெண்களை வரவழைத்திருந்தார். ஒரு நாள் இரவு நடந்து முடிந்த கதை இல்லை இது. 2010 முதல் 2014 வரை நடந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் நான்கு ஆண்டுகளாக என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண்ணில்லாத நிர்வாகத்தை நிர்வாகம் என்று எப்படிச் சொல்வது? 2015 ஜூனில் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்துக் கொடுத்தார்கள். அக்டோபரில் விடுதி விவகாரம் வெளியே வந்தது. நீட்டிக்கும் முன் ஒருவராவது அந்த விடுதிக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டேமியன் லீ, ட்ரே லூயிஸ் என்று இரண்டு வீரர்கள். ஒருவர் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், மற்றவர் கிளீவ்லாந்து ஸ்டேட்டிலிருந்து. இருவரும் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, கல்லூரி அணியில் ஆடத் தங்களுக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு ஆண்டை, தேசியப் போட்டியில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று லூயிவில்லிடம் கொடுத்தார்கள். விடுதியில் தவறு நடந்தபோது அவர்கள் இந்த ஊரிலேயே இல்லை. 2016 பிப்ரவரியில் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, பெரிய தண்டனை வருமுன் நாமே ஒரு தண்டனையை ஏற்றுக்கொள்வோம் என்று கணக்குப் போட்ட பல்கலைக்கழகம், அந்த ஆண்டு தேசியப் போட்டியில் அணி பங்கேற்காது என்று அறிவித்தது. யார் செய்த தவறுக்கு யார் விலை கொடுத்தது? அந்த விலையைக் கொடுத்தும் 2013 பேனரையாவது காப்பாற்ற முடிந்ததா? அதுவும் இல்லை.

சரி, மேலிடமாவது நிலையாக இருந்ததா? 2016 கோடையில் மாநில ஆளுநர் மாட் பெவின் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவையே கலைத்தார். தலைவர் ஜேம்ஸ் ராம்சே பதவி விலகினார். அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி அந்த டிசம்பரில் அங்கீகார அமைப்பு பல்கலைக்கழகத்தையே கண்காணிப்பில் வைத்தது. 2017 செப்டம்பரில், வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த லஞ்சத்தைப் பற்றிய எஃப்பிஐ வழக்கு வந்தது. அக்டோபருக்குள் பிட்டினோவும் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் ஜூரிச்சும் நீக்கப்பட்டார்கள்.

அடுத்து 2018-இல் கிறிஸ் மேக் ஏழாண்டு ஒப்பந்தத்தோடு வந்தார். நல்ல பயிற்சியாளர் என்று பெயர் எடுத்தவர். முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அவரை மிரட்டிய வழக்கில், மிரட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த விவகாரத்தைக் கையாண்ட விதம் சரியில்லை என்று மேக்கையும் ஆறு ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைத்தது பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு அந்த உறவு நிமிரவே இல்லை.

இப்போது 2021 டிசம்பருக்கு வருகிறேன். இந்த வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அந்த மாதம் விளையாட்டுத் துறை இயக்குநர் வின்ஸ் டைரா பதவி விலகினார். அதே மாதம் பல்கலைக்கழகத் தலைவர் நீலி பெண்டாபுடி பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜனவரி 26 அன்று மேக் 48 லட்சம் டாலரோடு விடைபெற்றார். தலைவர், இயக்குநர், பயிற்சியாளர் என்று மூவரும் இரண்டே மாதத்துக்குள் இல்லாமல் போய்விட்டார்கள். மூன்று நாற்காலிகளிலும் இடைக்காலத்துக்கு என்று ஆட்களை உட்கார வைத்தார்கள்.

2022 மார்ச் 18 அன்று கென்னி பெய்ன் நியமிக்கப்பட்டாரே, அவரை நியமித்த ஜாஷ் ஹேர்ட் அன்றைக்கு இடைக்கால இயக்குநர். அவருக்கு மேலே இருந்தவரும் இடைக்காலத் தலைவர். நாளைக்குத் தன் நாற்காலி தனக்கு உண்டா என்று தெரியாதவர்கள், ஆறாண்டு ஒப்பந்தத்தில், ஆண்டுக்குச் சராசரியாக 33.5 லட்சம் டாலர் சம்பளத்தில், எங்கேயுமே தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ஒருவரை அமர்த்தினார்கள். பெய்ன் 1986-இல் பட்டம் வென்ற அணியின் வீரர். உதவிப் பயிற்சியாளராக நல்ல பெயர் எடுத்தவர். பழைய வீரர்கள் மகிழ்ந்தார்கள், ஊர் மகிழ்ந்தது. "நீங்கள் அனைவரும்தானே ஆரவாரம் செய்தீர்கள்?" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். ஆமாம், செய்தோம். ஆரவாரம் செய்வது ரசிகரின் வேலை. ஊர் ஆரவாரம் செய்யும்போது, இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா, துணைக்கு யாரை வைக்க வேண்டும் என்று தனியறையில் உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான் நிர்வாகத்துக்குச் சம்பளம்.

காலம் எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். 2021 முதல் கல்லூரி வீரர் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். ஒரே கோடையில் முழு அணியைத் திரட்டவும் முடியும், இழக்கவும் முடியும். அப்படிப்பட்ட முதல் கோடையில் பெய்ன் அனுபவமுள்ள வீரர்களைப் போதிய அளவில் சேர்க்கவில்லை. அது அவர் பிழை, நான் மறைக்க மாட்டேன். ஆனால் எஃப்பிஐ வழக்கின் எச்சமாக என்ன தண்டனை வருமோ என்ற கேள்வி 2022 நவம்பர் வரை அந்த அணியின் தலைக்கு மேல் தொங்கியது. அதைத் தொங்கவிட்டுப் போனவர் பெய்ன் இல்லையே!

விளைவு என்ன? பயிற்சி ஆட்டத்தில், ஒரு படி கீழே உள்ள இரண்டாம் பிரிவைச் சேர்ந்த லெனோர்-ரைன் பல்கலைக்கழகத்திடம் தோல்வி. பருவத்தின் முதல் ஆட்டம், அதே ஊரில் இருக்கும் சிறிய பெல்லர்மைன் பல்கலைக்கழகத்தோடு. 67-66, ஒரே புள்ளியில் தோல்வி. அடுத்து ரைட் ஸ்டேட்டிடம் 73-72. அடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 61-60. மூன்று ஆட்டம், மூன்றிலும் ஒரே ஒரு புள்ளி! நின்று வழிகாட்ட அனுபவமுள்ள வீரர்கள் இன்னும் சிலர் இருந்திருந்தால் அந்த மூன்றும் திரும்பியிருக்கும் என்று நான் நம்புகிறேன். தொடர்ந்து ஒன்பது தோல்வி. பருவம் முடிந்தபோது 4 வெற்றி, 28 தோல்வி. சுமார் 22,000 பேர் அமரும் அரங்கில் வரிசை வரிசையாக இருக்கைகள் காலி.

இதற்குப் பிறகும் பழி பயிற்சியாளருக்கு மட்டும்தான் என்றால், இரண்டாம் ஆண்டுக்கு விடை சொல்லுங்கள். 4-28 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு, அவரைத் தொடர விட்டவர் யார்? அடுத்த ஆண்டும் இரண்டாம் பிரிவு அணியான கென்டக்கி வெஸ்லியனிடம் பயிற்சி ஆட்டத்தில் தோல்வி. முடிவில் 8 வெற்றி, 24 தோல்வி. 2024 மார்ச் 13 அன்று அவரை நீக்கியபோது கொடுக்க வேண்டியிருந்த தொகை சுமார் 80 லட்சம் டாலர். மேக்குக்குக் கொடுத்ததையும் கூட்டினால் ஒன்றேகால் கோடி டாலருக்கு மேல். இரண்டு பயிற்சியாளர்கள் பயிற்சி கொடுக்காமல் இருப்பதற்கான விலை அது! அந்த ஒப்பந்தங்களில் தலைமையின் கையெழுத்து இருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் முன்னோர் கேட்டது இதைத்தான்.

இது லூயிவில்லில் மட்டும் நடந்த கதையும் இல்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1984-இல் தனக்குப் பட்டம் வென்று தந்த பாட்ரிக் யூயிங்கை 2017-இல் அழைத்து வந்தது. அவரும் அதற்கு முன் எங்கும் தலைமைப் பயிற்சியாளர் இல்லை. 2021-22 பருவத்தில் பிக் ஈஸ்ட் லீக்கில் ஆடிய 19 ஆட்டங்களிலும் தோல்வி. அப்போதும் அவரைத் தொடர விட்டார்கள். அடுத்த ஆண்டு 7 வெற்றி, 25 தோல்வி. அதற்குப் பிறகுதான் நீக்கினார்கள். ஊரே கொண்டாடிய நாயகனை அந்த ஊர் அரங்கிலேயே தலைகுனிய வைத்தார்கள். பழைய வீரரின் புகழைக் காட்டி டிக்கெட் விற்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு அந்தப் புகழைக் காக்கத் தெரியவில்லை.

இப்போது எதிரணித் தலைவரின் கணக்குக்கு வருகிறேன். மாறியவர் ஒருவர்தான் என்றார். கெல்சியைத் தேர்ந்தெடுத்தது யார்? பெய்னைத் தேர்ந்தெடுத்த அதே ஹேர்ட்தான். ஒரே மனிதர் இரண்டு ஆண்டு இடைவெளியில் இவ்வளவு மாறுபட்ட இரண்டு முடிவுகளை எடுத்தது எப்படி? 2022-இல் அவருக்கும் இடைக்காலம், அவர் தலைவருக்கும் இடைக்காலம். 2024-இல் அவருக்குப் பதவி உறுதி, மேலே முழுநேரத் தலைவர். இந்த முறை அவர் பழைய அணியின் சொந்தபந்தத்தைத் தேடவில்லை. வின்த்ராப், சார்ல்ஸ்டன் என்ற இரண்டு சிறிய இடங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து தேறிய ஒருவரைப் பிடித்தார். அவர் கேட்டபடி ஏறக்குறைய முழு அணியையும் புதிதாகத் திரட்டப் பணமும் அனுமதியும் கொடுத்தார்கள். லூயிவில் ஆடும் ஏசிசி லீக்கில் 18 வெற்றி, 2 தோல்வி. 2019-க்குப் பிறகு முதல் முறையாக 2025-இல் தேசியப் போட்டிக்குள் நுழைந்தார்கள். கெல்சியின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமை உள்ளே வரக் கதவைத் திறந்தது நிர்வாகம் என்கிறேன். எதிரணி தனக்கு ஆதாரமாகக் கொண்டுவந்த 27 வெற்றிகளும் என் பக்கத்துச் சாட்சிகள் நடுவர் அவர்களே.

அரங்கில் பெய்னை நோக்கி எழுந்த கூச்சலை எதிரணி நண்பர்கள் விரிவாக வருணித்தார்கள். பயிற்சியாளர் கோட்டின் ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் எதிரே நிற்கிறார். அவர் மீது கூச்சல் போடுவது எளிது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கூச்சல் போடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு பயிற்சியாளரைப் பலி கொடுத்து ரசிகரின் கோபத்தை ஆற்றிவிடலாம் என்று நிர்வாகத்துக்குத் தைரியம் வருவது இதனால்தான்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. 2017 இலையுதிர்காலம் முதல் 2024 வசந்தம் வரை, ஏழு ஆண்டுக்கும் குறைவான காலத்தில், அந்த அணியின் பயிற்சியாளர் நாற்காலியில் பிட்டினோ, டேவிட் பேட்ஜெட், மேக், மைக் பெகஸ், பெய்ன் என்று ஐந்து பேர் இருந்திருக்கிறார்கள். வயது வேறு, அனுபவம் வேறு, ஆட்ட முறை வேறு. பிட்டினோவோ இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். ஐந்து பேரிடமும்தான் குற்றம் என்றால், ஐந்து பேரையும் ஒருவர்பின் ஒருவராக அந்த நாற்காலியில் அமர்த்தியது யார் என்று எதிரணித் தலைவர் தம் பதிலுரையில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.