ஆளுக்கு ஒரு போத்து

அனைவருக்கும் வணக்கம்.

அரிய செடிகளைக் கூடிக் காப்பாற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது விஞ்ஞானி யாரும் இல்லை, ஒரு பள்ளிக்கூடப் பையன்தான். இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. 1980 வாக்கில் அங்கே ஓர் ஆசிரியர், சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் செடிகளைத் தேடிக் கொண்டுவரும்படி மாணவர்களிடம் சொன்னார். ஒரு பையன் ஒரு கிளையோடு வந்தான். அந்த ஆசிரியர் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடாமல், இது என்ன என்று விசாரித்தார். பல பத்தாண்டுகளாக அழிந்துபோனதாகவே எழுதப்பட்டு வந்த செடி அது. காப்பிச் செடியின் குடும்பம். அங்கே அதன் பெயர் ‘கஃபே மரோன்’, அதாவது காட்டுக் காப்பி. தீவு முழுக்கத் தேடியும் அந்த ஒன்றைத் தவிர வேறு கிடைக்கவில்லை.

செய்தி பரவியதும் ஆபத்தும் வந்தது. அது மருந்துச் செடி என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்ததால் ஆளாளுக்கு வந்து கிளையை ஒடித்தார்கள். வேலி போட்டார்கள், வேலியைத் தாண்டினார்கள். இன்னொரு வேலி போட்டார்கள். வேலிக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே ஏதோ விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்று ஊருக்கே அறிவித்துவிடும்.

1986-இல் சில போத்துகளை, அதாவது நட்டால் வேர் விடும் கிளைத்துண்டுகளை வெட்டி, ஈரம் காயாமல் கட்டி, விமானத்தில் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். வேர் விட்டது ஒன்றே ஒன்று. அதிலிருந்து மேலும் போத்துகள் எடுத்தார்கள். செடி நன்றாக வளர்ந்தது, வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் தள்ளியது. ஆனால் காய் பிடிக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, பதினேழு வருஷம்! போத்திலிருந்து வளர்ந்தவை எல்லாம் ஒரே செடியின் நகல்கள்; விதை இல்லாவிட்டால் அந்த இனம் நகல் எடுத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் அதை விடவில்லை. மகரந்தத்தை உள்ளே விடாமல் சூல்முடி, அதாவது பூவில் மகரந்தம் வந்து ஒட்டும் நுனி, தடுக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். பிளேடால் அந்த நுனியைச் சீவிவிட்டு, வெட்டுப்பட்ட இடத்திலேயே மகரந்தத்தை வைத்தார். திரும்பத் திரும்ப, பூ பூவாக. 2003-இல் ஒரு காய் நின்றது. உள்ளே விதை.

பிளேடு பிடித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அது நியாயம்தான். ஆனால் போத்தைக் கட்டி அனுப்பியவர் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் அந்த பிளேடுக்கு வேலையே இருந்திருக்காது. பதினேழு வருஷம், காய்க்காத செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்களை யார் பேசுகிறார்கள்?

வேலி என்றேன் அல்லவா, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வேலியை விடப் பெரிய ஒன்றைக் கையாண்டார்கள்: வாயை மூடிக்கொண்டார்கள். ‘சீமாட்டியின் செருப்பு’ என்ற பொருளில் பெயர் பெற்ற மஞ்சள் ஆர்க்கிட் ஒன்று. அழகே அதற்கு எமன். பறித்துப் பறித்தே தீர்த்தார்கள். 1917-இல் அது பிரிட்டனில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 1930-இல் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. கண்டவர்கள் இடத்தைச் சொல்லவில்லை. தலைமுறை மாறியும் அந்த ரகசியம் காக்கப்பட்டது. பூக்கும் பருவத்தில் காவல் இருந்தவர்களும் உண்டு. அப்புறம் கியூவில் ஆர்க்கிட் விதையைச் சோதனைக்குழாயில் முளைக்க வைக்கும் வேலை 1983-இல் தொடங்கியது. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. அதற்குள் சேமித்த உணவு கிடையாது, மண்ணில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்தச் சிக்கலைத் தாண்டி 1989-இல் கன்றுகளை வெளியே நட்டார்கள். அவற்றில் முதல் பூ 2000-இல்தான் வந்தது. பதினோரு வருஷம் பூவுக்காகக் காத்திருக்க ஒரு ஆள் போதாது, ஒரு கூட்டம் வேண்டும்.

சரி, ரகசியம்தான் வழியா என்றால், அங்கேதான் வொல்லெமி பைன் குறுக்கே வருகிறது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சிட்னிக்கு வெகுதூரமில்லாத ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடித்த மரம். வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. இடத்தை ரகசியமாக வைத்தார்கள். ஆனால் கன்றுகளை? பெருக்கி, 2005 முதல் உலகுக்கே விற்றார்கள். வீட்டுக்கு வீடு தொட்டியில் இருந்தால் பள்ளத்தாக்கைத் தேடிப் போகும் ஆசை குறையும் என்பது கணக்கு. இடத்தை மறைத்தார்கள், செடியைத் திறந்துவிட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த தந்திரம். அப்படியும் வேரை அழுகவைக்கும் கிருமி அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. அனுமதியில்லாமல் போன யாரோ ஒருவரின் செருப்பு மண்ணில் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2019-20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்கள் ஹெலிகாப்டரில் இறங்கி அந்த மரங்களுக்கு நீர்பாய்ச்சும் குழாய் அமைத்தார்கள். தாவரவியலுக்கும் தீயணைப்புத் துறைக்கும் முன்பே பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் இது நடக்குமா?

இனி கொஞ்சம் சலிப்பான விஷயம். லேபிள். சிரிக்காதீர்கள். பல வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் எனக்கு மூன்று கன்றுகள் கொடுத்தார். மூன்றும் வேறு வேறு இடத்துத் தாய்ச்செடிகளிலிருந்து வந்தவை. மார்க்கர் பேனாவில் எழுதிக் குத்திவைத்தேன். ஒரு கோடை வெயில், அடுத்து ஒரு மழை, எழுத்து போய்விட்டது. செடிகள் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாததால், திரும்ப நடுவதற்கு அவற்றை யாரும் ஏற்கவில்லை. ஏற்காததும் சரியே. அன்றிலிருந்து பென்சிலில்தான் எழுதுகிறேன். பென்சில் கோடு வெயிலுக்கு அவ்வளவு எளிதில் வெளுக்காது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், விதை வங்கி எல்லாவற்றையும் காப்பாற்றாது. உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் நெடுங்காலம் கிடக்கும் விதைகள் உண்டு. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் ஈரப்பசையுள்ள பெரிய விதைகளோ உலர்த்தினாலே செத்துவிடும். அவற்றை மரமாகத்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் அதற்கு இடம் ஏது? பத்துத் தோட்டங்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரித்துக்கொண்ட பிறகு பார்த்தால், பத்திலும் இருப்பது ஒரே தாயின் பிள்ளைகள் என்று தெரிய வரலாம். மிருகக்காட்சிசாலைக்காரர்கள் இதை முன்பே உணர்ந்து, எந்தப் புலிக்கு எந்தப் புலி உறவு என்று வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். செடிக்காரர்கள் தாமதமாகத்தான் அந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு தோட்டத்தின் பதிவேட்டில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர், மூன்றாவதில் வெறும் எண் என்றால், எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் எந்தப் பூவின் மகரந்தத்தை எந்தப் பூவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியாது.

கூட்டு முயற்சி என்றதும் கைகுலுக்கும் புகைப்படம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது பெரும்பாலும் இப்படிப் பதிவேட்டைச் சரிபார்க்கும் வேலை. அனுமதிக் கடிதம், யார் நாட்டுச் செடி, பலன் யாருக்கு என்ற பேச்சு. ஒரு நாட்டின் உயிர்வளத்தைப் பயன்படுத்தினால் பலனை அந்த நாட்டோடு பகிர வேண்டும் என்னும் நகோயா உடன்படிக்கை 2010-இல் வந்த பிறகு இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

ரொட்ரீக்ஸுக்குத் திரும்புகிறேன். விதையிலிருந்து முளைத்த கன்றுகள் தாயைப் போலவே இல்லை. தாய்க்கு அகன்ற, பளபளக்கும் பச்சை இலை. கன்றுக்கோ நீண்டு மெலிந்த, பழுப்பு நிற இலை. காய்ந்த குச்சி என்றே தோன்றும். அந்தத் தீவில் ஒருகாலத்தில் பேராமைகள் மேய்ந்தன. ஆமையின் கழுத்து எட்டும் உயரம் வரை செடி தன்னைச் சருகுபோல் காட்டிக்கொண்டு, எட்டாத உயரம் வந்த பிறகே பச்சையாகிறது என்று விளக்குகிறார்கள். ஆமைகள் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செடிக்கு அது தெரியாது.

விதையும் கன்றும் தீவுக்குத் திரும்பிப் போயின. 2007-இல் அங்கே ஒரு பள்ளத்தாக்கைக் காப்பகமாகத் திறந்தார்கள். தீவின் சொந்தச் செடிகளை ஆயிரக்கணக்கில் நட்டு, அழிந்த ஆமைகளுக்குப் பதிலாக சீஷெல்ஸ் நாட்டு அல்டாப்ரா தீவின் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். செடிக்காரர்களும் ஆமைக்காரர்களும் இப்போது ஒரே பள்ளத்தாக்கில் வேலை செய்கிறார்கள்.

நேரம் முடிந்தது என்று மேடைக்குச் சீட்டு வந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.