கிளிப்லெஸ் பெடலுக்கு மாறும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வங்கியில் வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். இப்படி ஆசைக்காக ஓட்டுகிறவர்கள் ஓரளவு தூரம் பழகியதும் தவறாமல் கேட்கிற கேள்வி, “கிளிப்லெஸ் பெடலுக்கு மாறலாமா?”

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு துண்டு இருக்கும். பெடலில் ஸ்பிரிங் வைத்த கொக்கி இருக்கும். மேலே மிதித்தால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடும்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முன்பெல்லாம் பந்தய வீரர்கள் ஒரு உலோகக் கூட்டுக்குள் பாதத்தின் முன்பகுதியை நுழைத்து, தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். இறங்குவதற்குக் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். பிரான்சில் நெவேர் என்ற ஊரில் இருந்த லுக் நிறுவனம், பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் பூட்டுகளைச் செய்துவந்தது. சறுக்குகிறவர் விழுந்தால் கால் முறிவதற்குள் பூட்ஸ் கழன்றுவிட வேண்டும், அந்தத் தொழிலில் அதுதான் முதல் கவலை. அதே நுட்பத்தை 1984-இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்துத் தமது ஐந்தாவது டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். ஆக, காலைக் கட்டிப்போட வந்த சாதனம் அல்ல இது. சுலபமாக விடுவிக்க வந்தது.

லுக் வகைப் பெடலின் கிளீட் பெரியது, ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். டீக்கடையில் டைல்ஸ் தரை என்றால் நடக்கவே பயமாக இருக்கும். 1990-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்காக எஸ்.பி.டி என்ற வகையைக் கொண்டுவந்தது. இரண்டே போல்ட், சின்ன கிளீட். அது ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடும், சாதாரணமாக நடக்கலாம். பெரும்பாலான எஸ்.பி.டி பெடல்களில் இரண்டு பக்கமும் மாட்டலாம் என்பதால், சிக்னலில் கிளம்பும்போது பெடலைப் புரட்டித் தேட வேண்டியதில்லை. ஆசைக்காக ஓட்டுகிறவர்களுக்கு எஸ்.பி.டிதான் சரி என்று தயங்காமல் சொல்வேன்.

சரி, இதனால் வேகம் கூடுமா? “கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், இரட்டிப்புப் பலன்” என்று கடையில் சொல்வார்கள். அதை நம்பிப் பணம் போடாதீர்கள். மேலே இழுத்து ஓட்டச் சொல்லிச் சோதித்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. அப்படி ஓட்டியபோது உடம்பு கூடுதலாகச் சக்தியைச் செலவழித்தது, சிக்கனம் குறைந்தது. கிடைக்கிற லாபம் வேறு. மழையில் கால் வழுக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எழுந்து நின்று மிதித்தாலும் பாதம் நகராது. அடிப்பாகம் விறைப்பான ஷூ என்பதால், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரவே மாதிரி நீண்ட ஓட்டங்களில் உள்ளங்கால் எரிச்சல் குறையும். ஒவ்வொரு மிதிக்கும் கால் அதே இடத்தில் இருக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. சாதாரணப் பெடலில் கால் தனக்கு வசதியான இடத்துக்குத் தானாக நகர்ந்துகொள்ளும். இதில், கிளீட் கோணலாக இருந்தால் முழங்கால் அத்தனை முறையும் அதே கோணலில் வேலை செய்யும். ஆரம்ப காலக் கிளீட்கள் துளிகூட அசையவிடாமல் பிடித்ததால் பலருக்கு முழங்கால் வலி வந்தது. அப்புறம்தான் மாட்டிய நிலையிலும் பாதம் சில டிகிரி திரும்பும்படி செய்தார்கள். இதைத்தான் ஃப்ளோட் என்கிறோம். எஸ்.பி.டியில் அது நாலு டிகிரி அளவுதான், ஆகவே பொருத்துவதில் அக்கறை வேண்டும்.

மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள். சிலருக்கு நேராக இருக்கும், சிலருக்கு வெளியே சாயும், இரண்டு காலும் ஒன்றுபோலவே இருக்காது. அந்தக் கோணம் ஃப்ளோட்டின் நடுவில் விழும்படி கிளீட்டை வையுங்கள். அடுத்து, ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டைவிரல் அடி எலும்பு, சுண்டுவிரல் அடி எலும்பு இரண்டையும் தடவிப் பார்த்து, ஷூவின் பக்கவாட்டில் டேப் ஒட்டிக் குறியுங்கள். கிளீட்டின் நடு அந்த இரண்டு குறிகளுக்கு இடையே வரட்டும். சற்றுப் பின்னால் போனால் பரவாயில்லை, கெண்டைக்கால் சதைக்கு நல்லது. முன்னால் மட்டும் போக வேண்டாம். இறுக்கிய பிறகு கிளீட்டைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். முதல் சில வாரம் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ சட்டைப்பையிலேயே இருக்கட்டும். முழங்காலில் உறுத்தல் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். “பழகினால் சரியாகிவிடும்” என்று வலியோடு ஓட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலி தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

பெடலைக் கழற்றும்போது ஒன்று கவனியுங்கள். இடது பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால், இரண்டு பக்கமும் கழலும்.

இனி, விழுவது பற்றி. புதிதாக மாறியவர்கள் வேகமாகப் போகும்போது விழுவதில்லை, நிற்கும்போதுதான் விழுகிறார்கள். சின்ன வயதிலிருந்து காலைப் பக்கவாட்டில் தூக்கி ஊன்றிய பழக்கம். அவசரத்தில் உடம்பு அதையே செய்யும், கொக்கி விடாது, சைக்கிள் மெதுவாகச் சாயும். அதனால் சாலையில் மாட்டி ஓட்டுவதற்கு முன்பே கழற்றுவதைப் பழகுங்கள். பெடலில் ஸ்பிரிங் திருகு இருக்கும். ஒவ்வொரு பெடலிலும் இரண்டு பக்கமும் உண்டு, மொத்தம் நாலு. நாலையும் ஒரே அளவில் மிகத் தளர்வாக வையுங்கள். ஷிமானோவில் வெள்ளி நிறக் கிளீட் ஒன்று கிடைக்கும். அது குதிகாலை வெளியே திருப்பினால் மட்டுமல்ல, வேறு பக்கம் திருகி இழுத்தாலும் விடும். புதியவர்களுக்கு அதுதான் நல்லது.

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மாட்டிக் கழற்றுங்கள். அலுப்புத் தட்டும்வரை செய்யுங்கள். பிறகு புல் இருக்கிற மைதானம். நமக்குச் சாலையின் ஓரம் இடது பக்கம் என்பதால் இடது காலையே எப்போதும் முதலில் கழற்றப் பழகுங்கள். கால் கீழே வந்திருக்கும்போது திருப்புவது சுலபம். சைக்கிள் உருண்டுகொண்டிருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். சிக்னல் மஞ்சளுக்கு மாறியதும் கழற்றுங்கள். முன்னால் ஷேர் ஆட்டோ வேகம் குறைத்தால், அது நிற்குமா என்று காத்திருக்காமல் கழற்றுங்கள். இன்னொன்று, இடது காலைக் கழற்றிவிட்டு எடையை வலப்பக்கம் போட்டுச் சாய்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கழற்றிய பக்கமே உடம்பும் சாய வேண்டும்.

காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட என்று ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. நல்ல பிடிமானமுள்ள சாதாப் பெடல் போதும், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் ஒரு பக்கம் சாதா, மறுபக்கம் எஸ்.பி.டி என்று சேர்ந்த பெடலே கிடைக்கிறது.

கடலோரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. உப்புக்காற்றில் கிளீட் போல்ட் துருப்பிடிக்கும், அதன் தலைக்குழியில் மணல் அடைத்துக்கொண்டு ஆலன் கீ உள்ளே போகாது. பொருத்தும்போதே மரையில் கிரீஸ் தடவுங்கள், குழியைப் பல்குச்சியால் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள், மாதம் ஒருமுறை இறுக்கம் பாருங்கள். ஒரு போல்ட் கழன்று விழுந்தால், குதிகாலைத் திருப்பும்போது கிளீட்டும் கூடவே சுற்றும், பெடல் விடாது. அப்படி ஆகிவிட்டால் பதறாமல் மிதித்துக்கொண்டே சாலை ஓரம் வாருங்கள். மற்றக் காலைக் கழற்றி ஊன்றி நில்லுங்கள். பிறகு குனிந்து ஷூவின் பட்டையைத் தளர்த்தி, ஷூவைப் பெடலிலேயே விட்டுவிட்டுக் காலை உருவிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.