பூனையின்ட தீராத தடிமன்: ஊசிக்கு முதல் ஒரு சிலைட்

வணக்கம் எல்லாருக்கும். மாரி தொடங்கினா எங்கட மட்டக்களப்புப் பூனைகளும் தும்மத் தொடங்கிரும். அதில கனக்க வைரஸ்தான். ரெண்டு மூக்காலயும் தண்ணி ஓடும், கண்ணில பீளை கட்டும், நாக்கில புண் வரும், ரெண்டு கிழமைக்குள்ள பெரும்பாலும் அடங்கிரும். இண்டைக்கு நான் கதைக்கிறது ஒரு மாசமாகியும் நிக்காத தடிமனைப் பற்றி. ஒரு பக்க மூக்கால சளியோ ரத்தமோ வருது, நித்திரையில குறட்டை, மூக்குத் தண்டு வீங்கி மூஞ்சி கோணலாத் தெரியுது எண்டா பங்கஸை, அதாவது பூஞ்சணத்தை, நினைக்க வேணும். மூக்குக்குள்ள கட்டி, பல் வேரில சீழ், புல் மாட்டினது எல்லாம் இதே மாதிரித்தான் காட்டும். அதால கண்ணால பாத்து முடிவெடுக்க ஏலாது.

அன்டிபயோட்டிக் குடுத்தா கொஞ்சநாள் சளி குறையும். அடங்கினது பங்கஸுக்கு மேல ஏறியிருந்த பக்டீரியா மட்டும்தான். இதை விட மோசம் ஸ்டீரொயிட் ஊசி. தும்மல் நிக்கும், எல்லாருக்கும் சந்தோசம், உள்ளுக்குப் பங்கஸ் கண்ணுக்கும் மூளைக்கும் போயிரும். அந்த ஊசிக்கு முதல் மிருக வைத்தியரிட்ட ஒரு சிலைட் கேளுங்க, அதாவது மூக்கில இருந்து எடுத்ததைக் கண்ணாடித் துண்டில பூசி மைக்ரோஸ்கோப்பில பாக்கிறது.

பூனை மூக்கில கூடுதலாக் காணுற பங்கஸ் கிரிப்டோகொக்கஸ். புறா எச்சம் காய்ஞ்ச தூசியில இருக்கும், மூச்சோட மூக்குக்குள்ள போகும். பூனையிட்ட இருந்து உங்களுக்குத் தொத்தாது. வீக்கம் இருந்தா அதில 23 நம்பர் ஊசியால குத்தி எடுக்கிறது நல்லம். இல்லாட்டி மூக்குக்குள்ள சுவாப், அதாவது பஞ்சுக் குச்சி விட்டு எடுக்கிறது. மூக்கு நுனியில வழியிற சளிய எடுத்தா வெறும் பக்டீரியாதான் தெரியும். சிலைட்டில மெல்லிசா இழுத்து, காத்தில வடிவாக் காய விட்டு, டிஃப்-குயிக் சாயம், பிறகு எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பின்ட 100 மடங்கு லென்ஸ். தடிப்பா இழுத்தா எல்லாம் நீலமாக் கிடக்கும், ஒண்டும் விளங்காது. தேட வேண்டியது உருண்டை ஈஸ்ட் (பங்கஸின்ட ஒற்றைக் கலம்), சுத்திவர சாயம் பிடிக்காத வெள்ளை வளையம், ஒடுங்கின கழுத்தோட மொட்டு. இந்தியா இங்க் எண்ட கறுப்பு மை போட்டா வளையம் இன்னும் பளிச்செண்டு தெரியும், ஆனா காத்துக் குமிழியும் அப்படியே ஏமாத்தும். மொட்டைக் கண்டாத்தான் நம்புங்க.

சிலைட்டில தெரியாட்டி ரத்தத்தில கிரிப்டோகொக்கஸ் அன்டிஜன் சோதனை. அது தேடுறது பங்கஸைச் சுத்தியிருக்கிற கூட்டின்ட (அந்த வெள்ளை வளையத்தின்ட) சீனியை, பூனையின்ட எதிர்ப்புச் சக்தியை இல்லை. அதால மனிசருக்குப் பாவிக்கிற அதே சோதனைக் கிட் பூனைக்கும் சரி. மருந்து தொடங்கின பிறகும் அளவு இறங்குதா எண்டு இதாலயே பாக்கலாம். மூக்கில மட்டும் சின்னதா இருந்தா சில நேரம் நெகட்டிவ் வரும்.

பேர்ஷியன் மாதிரி சப்பை மூக்குப் பூனை வச்சிருக்கிறாக்கள் அஸ்பெர்ஜிலஸ் எண்ட இன்னொரு பங்கஸையும் யோசிக்க வேணும். ஒரு கண் முன்னுக்குத் தள்ளி வருதா, வாய் மேல்தாடையில புண் இருக்கா எண்டு பாருங்க. இதில சுவாப் கல்ச்சர் (எடுத்ததை லாபில வளத்துப் பாக்கிறது) பொசிட்டிவ் எண்டு மட்டும் மருந்து தொடங்கக் கூடாது. அந்தப் பூஞ்சணம் காத்தில எங்கயும் இருக்கு, சுகமான பூனை மூக்கிலயும் முளைக்கும். மூக்குக்குள்ள கமெரா விட்டு, சதை எடுத்து, அதுக்குள்ள பங்கஸ் இழை பூந்திருக்கிறதைக் காண வேணும். அந்த வசதி கிட்ட இல்லாட்டி பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குப் போக முதல் போன் எடுத்துக் கேளுங்க.

மூக்கில ஆறாத புண் இருந்தா கையுறை போட்டுத்தான் தொட வேணும். அது ஸ்போரோத்ரிக்ஸ் எண்ட பங்கஸ் எண்டா கீறலால மனிசருக்கும் வரும்.

பங்கஸ் நெஞ்சுக்குள்ள இறங்கிறது குறைவு. நித்திரையில நிமிசத்துக்கு 30க்கு மேல மூச்செடுத்தா எக்ஸ்ரே எடுங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்குற பூனைய மட்டும் எக்ஸ்ரேக்கு மல்லாத்திப் போட விடாதீங்க. முதல்ல ஒக்சிசன்.

சாயம் போடுறதை அடுத்த வீடியோவில மைக்ரோஸ்கோப்போட காட்டுறன்.