ரவை போடாத இரண்டு மாதம்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பலாமா, வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, சுட வேண்டும் என்று பெற்றோர் கேட்டு வருகிற நேரம் இது. என்.சி.சி. பிள்ளைகளுக்கும், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளுக்கும் நெடுநாளாகச் சொல்லிக் கொடுத்து வருகிறவன் என்ற முறையில், வரப்போகும் ஒரு வருஷத்தை எப்படித் திட்டமிடலாம் என்று சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜூன், ஜூலை இரண்டு மாதமும் துப்பாக்கியில் ரவையே வேண்டாம், குண்டு போடாமலே பழகட்டும்.

ரவை இல்லாமல் என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். அதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மகாராஜா அவரைச் சிறையிலேயே வைத்துவிடவில்லை, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். பிடிபட்ட அந்த மனிதர் முப்பது வருஷத்துக்கும் மேலே இங்கேயே இருந்து, ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கி, 1777-இல் இங்கேயே கண்ணை மூடினார். கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கும். போகாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அவர் கொண்டுவந்தது ஐரோப்பியப் பயிற்சி முறை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் வெடிமருந்தைக் கொட்ட வேண்டும், குண்டை இட வேண்டும், கம்பியால் இடித்து இறக்க வேண்டும், அப்புறம்தான் தோளில் ஏற்றிச் சுட முடியும். மருந்தோ விலை கூடிய சரக்கு. அதனால் ஐரோப்பியப் படைகளில் வெறுந்துப்பாக்கியை வைத்தே ஒவ்வொரு அசைவையும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். கை தானாக வேலை செய்யும்வரை விடமாட்டார்கள். அந்த ஐரோப்பிய முறையைத்தான் டிலனாய் நம் மண்ணில் வேர் பிடிக்க வைத்தார். நானும் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்று சொல்கிறேன். பத்து மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கின் நடுவே பத்து மதிப்பெண் தரும் வட்டம் எவ்வளவு தெரியுமா? குறுக்களவு அரை மில்லிமீட்டர். பேனா முனையால் தொட்டு வைத்தது போல. பெல்லட்டோ நாலரை மில்லிமீட்டர். அப்படி அறுபது தடவை சுட வேண்டும், 75 நிமிஷத்துக்குள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே போட்டியில்தான். இந்தச் சின்னப் புள்ளியில் தப்பு நடப்பது பெரும்பாலும் விரலில். குறி சரியாக இருக்கும், விரல் டிரிகரைத் ‘டக்’கென்று பிடுங்கும், குழல் ஒரு மயிரிழை ஆடும், பெல்லட் எட்டுக்குப் போய்விடும்.

அந்த விரலைப் பழக்கத்தான் இரண்டு மாதம். பிள்ளை நின்று பிடிக்கட்டும். குழல் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலின் முதல் கணுவால் மெல்ல மெல்ல அழுத்தி, டிரிகர் விழும்போதும் நாணயம் விழக் கூடாது. முதல் வாரம் தரையெல்லாம் நாணயச் சத்தம்தான். ஜூலை கடைசியில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். தினமும் இருபது நிமிஷம் போதும். ஒன்று கவனியுங்கள், ஸ்பிரிங் வைத்த சாதாரண ஏர் கன்னில் பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்தால் உள்ளே பிஸ்டன் கெடும். அதில் பிடித்துக் குறி பார்ப்பதோடு நிறுத்துங்கள். போட்டி ரைஃபிள்களில் வெறும் டிரிகர் பழகவென்றே ஓர் அமைப்பு உண்டு.

பயிற்சி எந்த மாதமானாலும் முதல் பாடம் ஒன்றுதான். “மக்களே, குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்குது?” இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். துப்பாக்கி காலி என்று தெரிந்தாலும் கேட்பேன். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஏர் கன்னைத் தூக்கிக்கொண்டு தேரூர்க் குளத்துப் பக்கம் கொக்கு, நாரை சுடப் போகிற பையனுக்கு நான் சொல்லித்தர மாட்டேன். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சரி, ஆகஸ்டிலிருந்து பெல்லட். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அந்த இரண்டு வாரம் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் இடத்துக்கு, வர வேண்டாம், வீட்டில் இருபது நிமிஷம் மட்டும். நமக்கு மழை இரண்டு தடவை. ஐப்பசி, கார்த்திகையில் வெளி ரேஞ்சை நம்பி எதையும் வைக்காதீர்கள், கூரைக்குள் பத்து மீட்டர் மட்டும். வெளி ரேஞ்சில் தோட்டா போட்டு .22 ரைஃபிள் சுடுகிற என்.சி.சி. பிள்ளைகளுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் தோதான காலம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும், திறந்தவெளியில் புதுப் பிள்ளை அதில் என்ன கற்றுக்கொள்ளும்? மார்ச் வந்தால் பிளஸ் டூ. பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போட்டிக்கு இழுக்கிற பயிற்சியாளரை எனக்குப் பிடிக்காது. ஏப்ரல், மே விடுமுறையில் முகாம் வைத்து அறுபது சுற்றையும் நேரம் குறித்துச் சுட வைக்கலாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். பராமரிப்பும் செலவும் பேச வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் சுட்டு முடித்ததும் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடையுங்கள், உப்புக் காற்று ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைக்கும். துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் வேறு பூட்டில். முதல் வருஷம் துப்பாக்கி வாங்கவே வேண்டாம், கிளப் துப்பாக்கியில் பழகட்டும். சுடும் ஜாக்கெட்டும் இப்போது வேண்டாம், வளர்கிற பிள்ளைக்கு அடுத்த வருஷம் பற்றாது. வணக்கம்.